பாலத்தைப் பார்க்க அதன் அடிக்குப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில், நியூயார்க்கிலிருந்து நயாகராவுக்குக் காரில் போய்வந்த அனுபவக் கட்டுரையை வாசித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் ஒரு வரி நான்கு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பென்சில்வேனியாவைக் கடக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் மலையும் மரமும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை, அந்நேரம் தூங்கிவிடலாம் என்று கட்டுரையாளர் சொல்லியிருந்தார். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகும் நம் ஆட்களில் பாதிப்பேர் அந்த வழியில்தான் நயாகரா போகிறார்கள். அந்த வரியை நம்பி அவர்களும் தூங்கிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் ரயில்வேயில் பாலப் பிரிவில் கலாசியாகச் சேர்ந்து, 34 வருடம் பாலங்களோடு கிடந்து, ஆய்வுப் பணியில் இருக்கும்போது ஓய்வு பெற்றவன். போன வருடம் நானும் என் மனைவியும் வடகிழக்குப் பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கினோம். மகளும் மாப்பிள்ளையும் எங்களை முதலில் எல்லாரும் பார்க்கும் இடங்களுக்குத்தான் கூட்டிப் போனார்கள். நயாகராவும் பார்த்தோம். திரும்பி வரும் வழியில், நியூயார்க் மாநில எல்லை தாண்டியதும் மாப்பிள்ளை, "மாமா, பக்கத்தில் ஒரு பழைய ரயில் பாலம் இருக்கிறதாம், பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்காகத்தான் கேட்டார். பெரிய சாலையை விட்டு விலகிப் பத்து மைல் சுற்று இருக்கும், அவ்வளவுதான். லேன்ஸ்பரோ என்று ஒரு சிற்றூர்.

ஊருக்குள் நுழைந்து ஒரு வளைவில் திரும்பினோம். வீடுகளுக்கு மேலே, கூரைகளுக்கெல்லாம் மேலே, கல் வளைவுகள் வரிசையாக நின்றன. எனக்குப் பேச்சு வரவில்லை. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, நேராகத் தூணின் அடிக்குப் போய்க் கையை வைத்தேன். அது ஸ்டாருக்கா வயடக்ட். பள்ளத்தாக்கின் மேலே வரிசையான வளைவுகளில் போகும் நீண்ட பாலத்தைத்தான் அங்கே வயடக்ட் என்கிறார்கள். 1848-ல் கட்டி முடித்தது. நீளம் 1,040 அடி, உயரம் 100 அடி. ஈரி ரயில்வே என்ற கம்பெனி தன் பாதையை அந்தப் பள்ளத்தாக்கின் மேலே கொண்டு போக வேண்டியிருந்தது. எண்ணூறு ஆட்களை வைத்து, பக்கத்து மலையில் வெட்டிய நீலநிற மணற்கல்லால் கட்டினார்கள். 3,20,000 டாலர் ஆனதாம். அந்தக் காலத்தில் அவ்வளவு செலவில் ஒரு ரயில் பாலம் கட்டியது அபூர்வம்.

ஈரி ரயில்வேயின் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி ஆறு அடி. நாங்கள் வேலை பார்த்த அகலப் பாதையே ஐந்தரை அடிதான். அன்றைய ரயில் வண்டி சிறியது, எஞ்சின் பொம்மை மாதிரி இருக்கும். அந்த எடைக்குக் கட்டிய பாலத்தின் மேல் அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள எஞ்சின்கள் பின்னால் ஓடின. இன்றும் அதன்மேல் சரக்கு வண்டி போகிறது. கல் வளைவு எடையை அழுத்த விசையாக மாற்றித் தாங்குகிறது. கல்லுக்கு அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. மேலே எடை ஏற ஏற வளைவு இன்னும் இறுகி உட்காரும். ஆனால் அடி நகரக் கூடாது. ஒரு தூண் ஓர் அங்குலம் உட்கார்ந்தாலும் வளைவு விரிசல் விடும். அதனால்தான் நான் எந்தப் பாலத்துக்குப் போனாலும் அடியிலிருந்து பார்க்கத் தொடங்குவேன். அங்கேயும் அப்படித்தான் ஒவ்வொரு தூணாகச் சுற்றி வந்தேன். கல்லுக்குக் கல் இடையிலுள்ள சுண்ணாம்புப் பூச்சில் பாசி இருந்தது, சில இடத்தில் பிற்காலத்தில் பூசிய சிமெண்டு இருந்தது. கீழிருந்து மேல்வரை போகும் ஒரு விரிசலையும் நான் பார்க்கவில்லை. அந்தத் தூண்களின் அடித்தளத்தில் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். அமெரிக்கப் பாலங்களில் கான்கிரீட்டை அப்படிப் பயன்படுத்தியதில் அதுதான் முதல் என்கிறார்கள். சரி, அதுதான் சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். நூற்றெழுபது வருடத்துக்கு மேல் அது நிற்பதன் காரணம் மேலே இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது.

லேன்ஸ்பரோவை ஒட்டியே இன்னொரு ஊர், சஸ்குவெஹானா டிப்போ. ஊரின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'டிப்போ' இருக்கிறது! ரயில்வேக்காக உண்டான ஊர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஈரி ரயில்வேயின் எஞ்சின் பட்டறை ஒரு காலத்தில் அங்கே இருந்தது. 1860-களில் கட்டிய ஸ்டாருக்கா ஹவுஸ் என்ற ரயில் நிலையமும் விடுதியும் சேர்ந்த பெரிய செங்கல் கட்டடம் ஆற்றோரமாக இன்னும் நிற்கிறது. வண்டியில் சாப்பாட்டுப் பெட்டி வராத காலத்தில், ரயில் அங்கே நிற்கும். பயணிகள் இறங்கி ஓடி, சாப்பிட்டு, மணி அடித்ததும் ஏறிக்கொள்வார்கள். தேவாலயம் மாதிரிக் கூர்மையான கூரை. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கூட்டமாக இறங்கி ஓடிய அந்த ஆட்களின் அவசரத்தை என்னால் கேட்க முடிந்தது. வண்டி நிற்கும் பத்து இருபது நிமிடத்தில் ஒரு ஊர் முழுக்க எப்படிப் பிழைத்திருக்கும் என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியும்.

இந்தச் சிற்றூர்கள் ஏன் இப்படி வரிசையாக முளைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவற்றைப் பார்ப்பதில் ருசி இருக்கும். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், கரி வேண்டும், இரண்டும் அடிக்கடி வேண்டும். அதனால் சில மைலுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள், ஆளுக்கு வீடு, வீட்டுக்குக் கடை. அப்புறம் சுமார் நூறு மைலுக்கு ஒரு பெரிய ஊர். டிரைவரும் ஃபயர்மேனும் மாறுவது அங்கே, எஞ்சின் மாறுவதும் அங்கே. எஞ்சின்களை நிறுத்தும் வட்டக் கொட்டகை, பட்டறை, விடுதி எல்லாம் அங்கேதான் இருக்கும். டீசல் எஞ்சின் வந்ததும் தண்ணீருக்கும் கரிக்கும் நிற்க வேண்டிய அவசியமே போய்விட்டது. சில ஊர்களுக்கு அதோடு காலம் முடிந்தது. கடைத்தெரு மட்டும் தண்டவாளத்தைப் பார்த்தபடி அப்படியே இருக்கும். ஒரு ஊருக்குள் போனால் முதலில் கடைகளின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சாலையைப் பார்க்காமல் வெறும் புல்வெளியைப் பார்த்திருந்தால், அந்தப் புல்வெளியில்தான் ஒரு காலத்தில் ரயில் ஓடியது.

பழைய சின்ன ஸ்டேஷன்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். தண்டவாளத்தைப் பார்த்த சுவரில் ஒரு ஜன்னல் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அழகுக்காகச் செய்தது இல்லை. தந்திக்காரர் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். நாற்காலியை விட்டு எழாமல், இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்க்கத்தான் அந்தத் துருத்தல். இப்போது அந்தக் கட்டடம் நூலகமாக மாறியிருக்கலாம், காபிக் கடையாக இருக்கலாம். ஜன்னலை வைத்து அது ஸ்டேஷன் என்று கண்டுபிடித்துவிடலாம். என் பேத்திக்கு ஏழு வயது. இதை ஒரு தடவை சொன்னதும், அதற்குப் பிறகு எந்த ஊருக்குள் நுழைந்தாலும், "தாத்தா, துருத்து ஜன்னல்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டாள்.

அங்கிருந்து தெற்கே வந்தால் நிக்கல்சன் என்ற ஊர். அங்கே இருப்பது டங்கேனக் வயடக்ட். உள்ளூரில் நிக்கல்சன் பாலம் என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டாருக்காவைப் பார்த்துவிட்டு, இனிமேல் எது என்னை அசைக்கும் என்று இருந்தேன். இது அசைத்தது. லாக்கவானா ரயில்வே 1912-ல் தொடங்கி 1915 நவம்பரில் திறந்தது. நீளம் 2,375 அடி, ஓடையின் தரையிலிருந்து உயரம் 240 அடி. 180 அடி அகலத்தில் பத்து வளைவுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, இன்னும் இரண்டு சிறிய வளைவுகள் இரண்டு முனையிலும் மண்ணுக்குள் மறைந்திருக்கின்றன. முழுக்கக் கான்கிரீட். 1,67,000 கன கஜம். கட்டிய காலத்தில் உலகிலேயே மிகப்பெரிய கான்கிரீட் கட்டுமானங்களில் ஒன்று அது. எதற்காக இவ்வளவு? பழைய பாதை வளைந்து நெளிந்து, ஏறி இறங்கிப் போனது. அதை நேராக்கினார்கள். 3.6 மைல் மிச்சம். வளைவுகள் குறைந்தன, ஏற்றமும் குறைந்தது. கைவிட்ட பழைய ரயில்தடம் பின்னால் கார்ச்சாலையாகிவிட்டது. நிக்கல்சனுக்கு நீங்கள் காரில் போவதே அந்தப் பழைய ரயில்தடத்தின் மேல்தான்.

ஆனால் என்னை அசைத்தது உயரம் இல்லை. அந்தத் தூண்களைப் பாறையில் நிறுத்துவதற்காகத் தோண்டிய ஆழம். சில தூண்களுக்கு 138 அடி வரை தோண்டியிருக்கிறார்கள். மொத்தப் பாலத்தில் கிட்டத்தட்டப் பாதி பூமிக்குள் இருக்கிறது. ஓடைக்கரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கண்ணுக்குத் தெரிவது பாதிக் கட்டுமானம்தான், மீதி என் காலுக்குக் கீழே என்று நினைத்தபோது உடம்பு ஒரு மாதிரி ஆனது. தோண்டி இறங்கியவர்களை நினைத்தேன். நானும் ஒரு சின்ன ஆற்றுப் பாலத்தின் கிணற்று அடித்தளத்துக்குள் இறங்கி வேலை பார்த்திருக்கிறேன். முப்பது அடிதான். மேலே தெரியும் வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிவிடும்.

நிக்கல்சன் ஊர்க்காரர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் அந்தப் பாலத்துக்கு ஒரு நாள் விழா எடுக்கிறார்கள். நாங்கள் போனபோது விழா முடிந்துவிட்டது. அங்கே சாலையோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் மகள் பேச்சுக் கொடுத்தாள். அப்பா ரயில்வே பாலத்தில் வேலை பார்த்தவர் என்று என்னைக் காட்டிச் சொன்னதும் அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய தாத்தா அந்தப் பாலத்துக்குக் கான்கிரீட் கலந்தவராம். அவர் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் சரக்கு வண்டி ஒன்று மேலே வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தோம். கடைசிப் பெட்டி போகும்வரை பேசவில்லை. வண்டி பாலத்தின்மேல் போகும் சத்தத்தில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று கேட்பது எங்கள் இருவருக்கும் பழக்கம்போல.

இப்போது கின்சுவா பற்றிச் சொல்ல வேண்டும். இது நயாகரா வழியில் இல்லை. பென்சில்வேனியாவின் வடமேற்கில், மகள் வீட்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும். நான் கேட்டுக் கேட்டு நச்சரித்து ஒரு சனிக்கிழமை கூட்டிப்போக வைத்தேன்.

கின்சுவா பாலம் 1882-ல் இரும்பால் கட்டியது. 301 அடி உயரம், 2,053 அடி நீளம். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான ரயில் பாலம் அதுதான். 94 நாளில் கட்டிவிட்டார்கள். கட்டியதில் முக்கியப் பங்கு ஆக்டேவ் சனூட் என்ற பொறியாளருக்கு. பிற்காலத்தில் ரைட் சகோதரர்களுக்கு விமான விஷயத்தில் வழிகாட்டிய அதே சனூட்தான். வண்டிகள் கனமானதால் 1900-ல் அதே இடத்தில் எஃகால் மாற்றிக் கட்டினார்கள். 1959-ல் போக்குவரத்து நின்றது. பழைய இரும்புக்காக ஒரு வியாபாரி விலைக்கு வாங்கினார். வாங்கியவர் வந்து பார்த்தார், இதை உடைக்க எனக்கு மனசு வராது என்று உடைக்காமலே விட்டுவிட்டார். அந்த மனிதர் உடைத்திருந்தால் நல்ல காசு பார்த்திருப்பார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. பிறகு மாநில அரசு அதைப் பூங்காவாக்கியது. 1987 முதல் சுற்றுலா ரயில்கூட ஓடியது. 2002-ல் பாலம் பாதுகாப்பாக இல்லை என்று ரயிலை நிறுத்தினார்கள், அடுத்த வருடம் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 2003 ஜூலை 21 அன்று, ஒரு சூறாவளி வந்து இருபது கோபுரங்களில் பதினொன்றைச் சாய்த்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

என்ன காரணம் என்று ஆராய்ந்தார்கள். காற்று ஒரு காரணம். இன்னொரு காரணம் அடியில் இருந்தது. 1900-ல் பாலத்தை எஃகாக மாற்றியபோது, தூண்களை அடித்தளக் கல்லோடு பிடித்து வைக்கும் போல்ட்டுகளை மட்டும் மாற்றவில்லை. 1882-ல் கல்லுக்குள் இறக்கிய பழைய இரும்பு போல்ட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே புதுத் துண்டை ஒரு இணைப்பு வளையத்தால் ஒட்டு போட்டுவிட்டார்கள். நூறு வருடத்தில் அந்த ஒட்டுகள் துருப்பிடித்து, வெடிப்பு விட்டு, பல இடங்களில் வெறும் பெயருக்கு நின்றன. காற்று பக்கவாட்டில் தள்ளியபோது கோபுரங்கள் அடித்தளத்தை விட்டுக் கிளம்பிவிட்டன. 

இதை நான் படித்த இடம் அந்தப் பூங்காவின் காட்சிக்கூடம். படித்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் 34 வருட வேலையில் பாதி இதுதான். பாலத்தின் அடிக்குக் குனிந்து போய், பேரிங்கை, அதாவது பாலம் தூணின்மேல் உட்காரும் தாங்கியைச் சுற்றி இருக்கும் மண்ணையும் பறவை எச்சத்தையும் சுரண்டி எடுத்து, போல்ட்டின் தலையைத் தட்டிப் பார்ப்பது. தகடுகளைச் சேர்த்து அடித்த ரிவெட் ஆணியாக இருந்தால், தலையின் ஒரு பக்கத்தில் விரலைத் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சிறிய சுத்தியலால் தட்ட வேண்டும். இறுக்கமானது 'ணங்' என்னும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்தது மந்தமாகச் சத்தம் போடும், விரல்நுனியில் ஒரு துடிப்பு தெரியும். அந்தத் துடிப்பு எனக்கு இன்றும் விரலில் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் இதைச் செய்வோம். பாலத்தின் மேலே போகிற யாருக்கும் இது தெரியாது. கின்சுவாவில் அந்த ஒட்டுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தன. அங்கே என்னைப் போல ஒருவன் குனிந்து தட்டியிருப்பான், அவனுக்கும் சத்தம் சரியாகவே கேட்டிருக்கும் என்றுதான் தோன்றியது.

விழுந்த கோபுரங்களை எடுத்துப்போகாமல் பள்ளத்தாக்கில் விழுந்தபடியே விட்டிருக்கிறார்கள். மீதி நின்ற பகுதியில் 2011-ல் நடைபாதை போட்டிருக்கிறார்கள். 624 அடி தூரம் நடந்து போய், முனையில் கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்க்கலாம். எல்லாரும் கண்ணாடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள். பள்ளத்தாக்குக்கு இறங்க ஒற்றையடிப் பாதை இருக்கிறது. செங்குத்துதான், முழங்கால் வலிப்பவர்கள் யோசித்து இறங்குங்கள். கீழே போய், புல்லில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் அந்த எஃகையும், அது விட்டுக் கிளம்பிய அடித்தளக் கற்களையும் பாருங்கள். என் மனைவி இறங்கவில்லை. நான் இறங்கினேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அதே மாதிரி கதை நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் நதியின் மேல் போகிப்சி என்ற ஊரில் நல்லபடியாக முடிந்தது. 1889-ல் திறந்த ரயில் பாலம் அது. 1974 மே மாதம் தண்டவாளத்தின் அடியில் இருந்த மரக்கட்டைகள் தீப்பிடித்து எரிந்து, அதோடு ரயில் நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் சும்மா நின்றது. ஊர்க்காரர்கள் விடாமல் முயன்று 2009 அக்டோபரில் நடைபாதையாகத் திறந்தார்கள். ஆற்றின் நீர்மட்டத்துக்கு 212 அடி மேலே, ஒன்றேகால் மைல் தூரம், சக்கர நாற்காலியில்கூடப் போகலாம். நாங்கள் குடும்பமாக நடந்து கடந்தோம். நியூயார்க் நகரத்திலிருந்து ரயிலிலேயே போய்வரலாம் என்பதால் கார் இல்லாதவர்களுக்கும் இது ஏற்ற இடம்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விடக் கூடாது. படத்துக்காக யாரும் தண்டவாளத்தில் ஏறாதீர்கள். நான் சொன்ன ஸ்டாருக்கா, நிக்கல்சன் இரண்டிலும் இன்னும் வண்டி ஓடுகிறது. அமெரிக்காவில் ரயில்பாதை ரயில்வே நிறுவனத்தின் சொந்த நிலம், அனுமதியில்லாமல் ஏறினால் குற்றம். அது ஒரு பக்கம். பாலத்தின்மேல் ஒதுங்க இடம் இருக்காது என்பதுதான் முக்கியம். காற்று எதிர்த்திசையில் அடித்தால் பின்னால் வரும் வண்டியின் சத்தம் பக்கத்தில் வரும்வரை கேட்காது. இதை எங்கள் ஆட்களையே இழந்து கற்றவன் சொல்கிறேன். பாலத்தை அடியிலிருந்து பார்ப்பதற்கு எந்த அனுமதியும் வேண்டியதில்லை, நல்ல சாலையோ பூங்காவோ இருந்தால் போதும்.

பாலத்தைப் பார்க்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். இரும்புச் சட்டப் பாலத்தைப் பார்த்தால் மெல்லிய பட்டையும் கனத்த தூணும் மாறி மாறி இருக்கும். மெல்லியது இழுவிசையைத் தாங்குகிறது, கனத்தது அழுத்தத்தைத் தாங்குகிறது. கயிற்றை இழுத்தால் தாங்கும், தள்ளினால் மடங்கும் அல்லவா, அதே கணக்குதான். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் பழைய பாலங்களில் அந்தப் பட்டைகளின் முனையில் ஊசிக்காது மாதிரி ஓட்டை இருக்கும். அதில் ஒரு பெரிய இரும்பு முளையை நுழைத்து மாட்டியிருப்பார்கள். சீக்கிரம் பூட்டிவிடலாம். நாங்கள் ரிவெட்டிலேயே வளர்ந்தவர்கள், எனக்கு அது புதிதாக இருந்தது. ஒரு சின்ன ஓடைப் பாலத்தில் அந்த முளை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். ஆனால் அந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. 1967 டிசம்பர் 15 அன்று ஒஹையோ நதியின் மேலிருந்த சில்வர் பாலம் என்ற சாலைப்பாலம் சாயங்கால நெரிசலில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு பட்டையின் காதில் பத்தில் ஒரு அங்குல ஆழத்தில் ஒரு வெடிப்பு. அதற்குப் பிறகுதான் அமெரிக்கா முழுக்கப் பாலங்களை முறையாக ஆய்வு செய்ய வேண்டும் என்று விதி வந்தது.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். 1969 முதல் அமெரிக்காவில் அரசே பழைய பாலங்கள், ஸ்டேஷன்கள், பட்டறைகள் எனப் பலவற்றையும் அளந்து, வரைந்து, படம் எடுத்து, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் சேர்த்து வைக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பாலம் இடிந்துபோனாலும் அதன் வரைபடம் இருக்கும். மகள் எனக்கு அதைத் திறந்து காட்டியபோது எனக்குச் சொந்த வேலை ஞாபகம் வந்தது. ஒரு கிளைப்பாதைப் பாலத்தை நான் ஆறு வருடம் பராமரித்தேன். ஒவ்வொரு ரிவெட்டும் எனக்குத் தெரியும். பாதை மாறியதும் அதை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். வெட்டும் அன்று நான் அங்கே இருந்தேன். கட்டிய கம்பெனியின் பெயரும் வருடமும் பொறித்த வார்ப்பிரும்புப் பலகை ஒன்று அதன் நுழைவில் இருந்தது. அதைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்க எனக்கு அன்று தைரியம் வரவில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. அதில் என்ன வருடம் இருந்தது என்பதே இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. எத்தனையோ தடவை அதற்குச் சிவப்பு பிரைமர் அடித்திருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன். உங்கள் பயணப் பக்கத்தில் மாதம் ஒரு தடவையாவது ஒரு பழைய பாலத்துக்கும் அதன் அடியில் இருக்கும் ஊருக்கும் இடம் கொடுங்கள். எந்த நாட்டுப் பாலமாக இருந்தாலும் சரி. எழுத ஆள் இல்லையென்று நினைக்காதீர்கள். ரயில்வேயில் ஓய்வுபெற்ற கலாசிகள், மேஸ்திரிகள், கேங்மேன்கள் எத்தனையோ பேர் உங்கள் வாசகர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் கொட்டுவார்கள். எழுத வராதவர்களிடம் உங்கள் நிருபர் ஒருவர் போய்ப் பேசி எழுதிக்கொள்ளலாம். சீக்கிரம் செய்யுங்கள், எங்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது.

இத்துடன் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். ஸ்டாருக்காவின் ஒரு தூணில் முதுகைச் சாய்த்து என் பேத்தி நிற்கிறாள். அளவுக்காகத்தான் அவளை நிற்க வைத்தேன். பிரசுரித்தால் தயவுசெய்து மேலே வெட்டிவிடாதீர்கள், வளைவு தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், கீழேயும் வெட்டிவிடாதீர்கள். தூண் மண்ணுக்குள் இறங்கும் இடம் அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ரயில்வே பாலப் பணியாளர்